காலையில் லேசு, மாலையில் பாரம்: மலைக்குச் சுமைப்பை வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலைப் பக்கம் ரோடு முடிந்த பிறகும் தோட்டத்துக்கு நடக்க வேண்டியவர்கள், சோலைக்காட்டில் கேமராவோடு அலைகிறவர்கள், ஓடையோரம் கிடக்கும் பாட்டில்களைப் பொறுக்கி மேலே சுமந்து வரும் இளைஞர்கள். இவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே மாதிரி பைதான். போகும்போது தண்ணீரும் சோற்று டப்பாவும் மழைக்கோட்டும் இருந்தால் போதும். திரும்பும்போது ஒரு மூட்டையே முதுகில் ஏறிவிடுகிறது. அதற்கு என்ன பை வாங்கலாம் என்று கேட்டால், என் பேச்சு அமெரிக்க வேட்டைக்காரர்கள் சுமக்கும் பையிலிருந்துதான் தொடங்கும். அதையொட்டித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வேட்டைக்காரர் பையை வாங்கச் சொல்கிறீர்கள். இங்கே வேட்டையே கூடாதே?

கூடாதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலையில் வேட்டை என்றால் சிறை. காட்டுப்பன்றி பயிரை மேய்ந்தாலும் வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது பையின் அமைப்பை மட்டும்.

அமெரிக்க மலைகளில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர் காலையில் கிட்டத்தட்ட வெறுங்கையோடு போவார். மான் கிடைத்துவிட்டால் இறைச்சியைத் துண்டுபோட்டு, தானே சுமந்து பல நடை நடக்க வேண்டும். எலும்போடு ஒரு பின்தொடை மட்டுமே 25 கிலோவைத் தாண்டும். கூலிக்கு ஆள் கிடையாது. அந்தக் கஷ்டத்தில் பிறந்ததுதான் லேசாகச் சுருங்கி, தேவைப்படும்போது பாரம் தாங்கும் இந்தப் பை. நம் பக்கமும் ஒரு காலத்தில் வேட்டை உண்டு. நீலகிரிக்கென்றே 1879இல் தனி வேட்டைச் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் துரை கைவீசி நடப்பார், சுமை கூலியாள் தலையில் இருக்கும். இப்படி ஒரு பை வேண்டும் என்று துரைக்கு ஏன் தோன்றப் போகிறது?

என்னிடம் நல்ல காலேஜ் பை இருக்கிறது. அதிலேயே திணித்துக்கொண்டால் என்ன?

எட்டு கிலோ வரை தாராளமாகத் திணியுங்கள். அதற்கு மேல் போனால் வேலைக்கு ஆகாது. காலேஜ் பையில் எலும்பு கிடையாது, வெறும் துணிதான். எவ்வளவு வைத்தாலும் மொத்த எடையும் இரண்டு தோள்வாரில் தொங்கும். பையின் அடி பின்னால் புடைத்துக்கொண்டு உங்களைப் பின்பக்கம் இழுக்கும், நீங்கள் அதைச் சமாளிக்க முன்னால் குனிவீர்கள். சமதளத்தில் இது வெறும் முதுகுவலி. ஈரப் படிக்கட்டுப் பாதையில் இறங்கும்போது இது விழுவதற்கான வழி.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போகும் நரம்புகளைப் பாரம் அழுத்தினால் கை மரத்துப்போகும். நெடுநேரம் அழுத்தினால் கையைத் தூக்கவே முடியாமல் போவதும் உண்டு. ராணுவத்தில் பல காலமாகத் தெரிந்த கோளாறு இது. விரல் நுனி எறும்பு ஊர்வதுபோல இருந்தால் உடனே பையை இறக்கிவிடுங்கள்.

சரி, அப்படியானால் எத்தனை லிட்டர் பை வாங்க வேண்டும்?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கடைக்காரரும் இதைத்தான் முதலில் சொல்கிறார். லிட்டர் என்பது பைக்குள் எவ்வளவு இடம் என்பதற்கான கணக்கு மட்டுமே. எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆன்லைனில் 80 லிட்டர் என்று எழுதி மலிவாக விற்கும் பைகளில் பல வெறும் துணிக்கூடுகள். அதில் 20 கிலோ அரிசியைப் போட்டால் அடி இடுப்புக்குக் கீழே தொங்கிவிடும். 30 லிட்டர் பைக்கு நல்ல ஃப்ரேம், அதாவது எலும்புபோல விறைப்பாக நிற்கும் சட்டம், இருந்தால் அதே 20 கிலோவை முனகாமல் தூக்கும்.

ஃப்ரேமையும் இடுப்பு பெல்ட்டையும் பாருங்கள். லிட்டரைக் கடைசியில் பார்க்கலாம். இருந்தும் ஓர் எண் வேண்டும் என்றால், ஃப்ரேமிலிருந்து பையைத் தனியாகக் கழற்றக்கூடிய வகைக்கு 30 முதல் 40 போதும், கழலாத டிரெக்கிங் பை என்றால் 50.

ஃப்ரேம் இருக்கிறதா இல்லையா என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

காலிப் பையைத் தரையில் நிறுத்தி, மேல் நுனியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். துணியாக மடங்கினால் ஃப்ரேம் இல்லை. கொஞ்சம் வளைந்து நின்றால் உள்ளே பிளாஸ்டிக் தகடு மட்டும் இருக்கலாம், 12 கிலோ வரை பரவாயில்லை. விறைத்து நின்றால் உள்ளே அலுமினியப் பட்டையோ கம்பியோ கார்பன் ஃபைபரோ இருக்கிறது.

அடுத்து இடுப்பு பெல்ட் எதில் கோக்கப்பட்டிருக்கிறது என்று தடவிப் பாருங்கள். பெல்ட் நேராக ஃப்ரேமோடு சேர வேண்டும். அப்போதுதான் பாரம் ஃப்ரேம் வழியாக இறங்கி இடுப்பெலும்பில் உட்காரும், தோள் பையைப் பின்னால் சாயாமல் பிடிக்கும் வேலையை மட்டும் பார்க்கும். வெறும் துணியில் தைத்த ஒரு விரல் அகல நாடாவை இடுப்பு பெல்ட் என்று சொல்லி விற்கிறார்கள். அது பை ஆடாமல் இருக்க உதவும், எடையை ஒரு கிலோகூடத் தாங்காது.

மூன்றாவது, பையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். ஃப்ரேமின் தலை உங்கள் தோளுக்கு மேல் நாலைந்து விரற்கடை உயர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து தோள்வாருக்குச் சாய்வாக ஒரு சின்ன நாடா வரும். அதற்கு லோட் லிஃப்டர் என்று பெயர். அது ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நின்றால், இழுத்தவுடன் பையின் மேல்பாகம் முதுகோடு ஒட்டும். ஃப்ரேம் குட்டையாக இருந்தால் இந்த நாடா படுத்துக் கிடக்கும். பேருக்குத் தைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த மூன்றையும் வெறும் பையோடு பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே பாரம் போட்டுக் கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

என் உயரத்துக்கு எந்த சைஸ்?

உயரம் பார்க்கக் கூடாது, முதுகின் நீளம் பார்க்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கே தையல்காரர் டேப்பின் ஒரு முனை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம் காட்டட்டும். அந்த இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு வரை அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 40 முதல் 52 செ.மீ.க்குள் வரும். ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும், ஐந்தடி ஆளுக்கு நெட்டை முதுகும் இருப்பது சகஜம். தோள்வாரை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பை என்றால் அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட்டின் நுரைப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பை அணைத்து உட்கார வேண்டும். வயிற்றில் ஏறினால் மூச்சு முட்டும், தொடைக்கு இறங்கினால் காலைத் தூக்க முடியாது. பெண்களுக்கென்று வரும் பைகளில் பெல்ட் சாய்வாகவும் தோள்வார் வளைந்தும் இருக்கும், அது பொருந்தினால் அதையே வாங்குங்கள். சேலையோடு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொசுவத்தின் மேல் பெல்ட் வழுக்கும். தோட்டத்தில் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம்தானே, அந்தச் சட்டைக்கு மேல் பெல்ட்டை மாட்டினால் பிடித்து நிற்கும். பாவாடை முடிச்சை மட்டும் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

பைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சாமான் வைக்கலாம் என்கிறார்களே, அது என்ன?

வேட்டைப் பையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதை லோட் ஷெல்ஃப் என்பார்கள். பையைப் பக்கிள்களில் கழற்றி ஃப்ரேமை விட்டு விலக்கினால் நடுவில் ஓர் இடைவெளி திறக்கும். கீழே தாங்குவதற்கு ஒரு மடிப்பு இருக்கும். மூட்டையை அதில் நிறுத்தி, நாடாக்களால் இறுக்கி, அதன் மேல் பையை மறுபடி மாட்டிவிட வேண்டும். மூட்டை முதுகோடு ஒட்டும், லேசான சாமான்கள் வெளிப்பக்கம் போகும். பாரம் முதுகை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு அது கூடுதல் கனமாகத் தெரியும். அதனால் இந்த வரிசை முக்கியம்.

வேட்டைக்காரருக்கு இன்னொரு லாபம், ரத்தம் பைக்குள் போகாது. நமக்கு அந்த இடத்தில் ஈரப் பூண்டும் மண் ஒட்டிய கேரட்டும் பொறுக்கிய பாட்டில் சாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்று டப்பா இருக்கும் பை தனியாகச் சுத்தமாக இருக்கும்.

25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கட்டுவதாக இருந்தால்: ஃப்ரேமைத் தரையில் மல்லாத்துங்கள். சிப்பத்தைச் செங்குத்தாக, அரிசியெல்லாம் அடியில் குவிந்துவிடாமல் தட்டிப் பரப்பி வையுங்கள். கனத்தின் நடு தோள்பட்டை எலும்புகளுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். சிப்பம் குட்டையாக இருந்தால் அடியில் மடித்த சாக்கையோ ஸ்வெட்டரையோ வைத்து உயர்த்துங்கள். கீழ் நாடாவை முதலில் இறுக்குங்கள், அப்புறம் மேல் நாடா, கடைசியில் குறுக்கு நாடா. இறுக்கிய பிறகு ஃப்ரேமைப் பிடித்து உலுக்குங்கள். சிப்பம் தனியாக ஆடினால் கழற்றி மறுபடி கட்டுங்கள். பாதையில் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அட்டைப்பூச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து கட்டும்போது கோபம்தான் வரும். செங்குத்தான இறக்கம் என்றால் பாரத்தை ஒரு சாண் கீழே வைத்தால் நிலை தடுமாறாது.

கேஸ் சிலிண்டர் தூக்கலாமா?

வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம் வரும். வெறும் சிலிண்டரின் எடையை அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஃப்ரேம் தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா என்பது வேறு விஷயம். வால்வு மூடியைப் போட்டு, நிமிர்த்தி நிறுத்தித்தான் கட்ட வேண்டும். உருளை வழுக்கும் என்பதால் முதுகுப்பக்கம் ஒரு சாக்கைச் சுற்றுங்கள். 5 கிலோ சின்ன சிலிண்டர் கிடைத்தால் அதையே இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள் என்பேன்.

ஒரு ஆள் எவ்வளவு தூக்கலாம்?

பழக்கமில்லாதவர் நாள் முழுக்க நடக்க, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. குறைந்த தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். தினமும் சுமக்கிற தோட்டத்து ஆட்கள் 40, 50 என்று தூக்குகிறார்கள், அதைப் பார்த்து நீங்கள் இறங்கிவிடாதீர்கள். ஏறும்போது மூச்சு சொல்லிவிடும், இறங்கும்போது முழங்கால் சொல்லாது, மறுநாள்தான் சொல்லும். கொடைக்கானல் டால்பின் நோஸிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குகிறவர்கள் கையில் ஒரு கம்பு இல்லாமல் பாரத்தோடு போகாதீர்கள்.

பையின் சொந்த எடையையும் கணக்கில் சேருங்கள். ஃப்ரேம் வைத்த வேட்டைப் பை காலியாகவே இரண்டு, மூன்று கிலோ இருக்கும்.

தாத்தா எல்லாவற்றையும் தலையில்தான் தூக்கினார். அது தப்பா?

தப்பே இல்லை. சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிய சுமை முதுகெலும்புக்கு நேராக இறங்குகிறது, அதைவிட நேரான வழி கிடையாது. ஆனால் அதற்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்து பழகியிருக்க வேண்டும். சோலைக்குள் தாழ்ந்த கிளைகள் இடிக்கும், வழுக்குப் பாறையில் கையூன்ற வேண்டியிருக்கும், அங்கே தலைச்சுமை சரிப்படாது.

தாத்தா காலத்தில் வழியெல்லாம் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையைக் குனியாமல் அதன் மேல் இறக்கி, குனியாமல் மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். கனமான பைக்கும் அதே தந்திரம்தான். தரையில் கிடக்கும் 25 கிலோவை ஒரு தோள்வாரைப் பிடித்துச் சுழற்றித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இடுப்புயரப் பாறையோ கல்கட்டோ பார்த்து அதில் பையை நிறுத்தி, திரும்பி நின்று மாட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் பையை நிமிர்த்தி வைத்து அதன் முன் உட்கார்ந்து மாட்டி, முன்னால் சாய்ந்து முட்டிபோட்டு எழுந்திருங்கள். முதலில் இடுப்பு பெல்ட், அப்புறம் தோள்வார், கடைசியில் லோட் லிஃப்டர்.

வெள்ளகவிக்குள் செருப்போடு நுழைவதில்லை, ஊர்க்கட்டுப்பாடு. பாரத்தை இறக்காமல் ஷூ கயிற்றைக் கழற்றப் பார்க்காதீர்கள், குப்புற விழுவீர்கள்.

துணி, ஜிப்பெல்லாம்?

டீனியர் என்பது நூலின் தடிமனுக்கான அளவு. நைலானில் 500 டீனியர் கார்டுரா என்ற கெட்டித் துணி நம் முள்ளுக்கும் பாறைக்கும் போதும். 1000 டீனியர் தேய்மானம் தாங்கும், ஆனால் கனம், ஈரமானால் இன்னும் கனம். 210 டீனியர் லேசுதான், உண்ணிப்புதருக்குள் நுழைகிறவர்களுக்கு வேண்டாம். ஜிப்பில் பல் பெரிதாக இருக்கட்டும், ஒய்கேகே கம்பெனி ஜிப்பில் 8 அல்லது 10ஆம் நம்பர் நல்லது. தோள்வாரும் பெல்ட்டும் சேரும் இடங்களில் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா பாருங்கள். பை கிழிவது எப்போதும் அங்கேதான்.

வெல்க்ரோ நிறைய இருந்தால் வேண்டாம். பத்தடியில் நிற்கும் கருமந்திக் கூட்டம் அந்தச் ‘சர்ர்’ சத்தத்துக்கே பறந்துவிடும். வேட்டைப் பைகளில் சத்தம் போடாத துணி தேடுவதும் இதற்காகத்தான், படம் எடுக்கிறவர்களுக்கும் அது நல்லதாகப் போயிற்று.

மழைக்கு என்ன செய்வது?

2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பையும் நிற்காது. மேலே போடும் மழை உறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகும், முதுகுப்பக்கம் வழியும் தண்ணீரையும் அது தடுக்காது. உள்ளே ஒரு நீர்புகாப் பையைப் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பிளாஸ்டிக் கெடுபிடி இருப்பதால் கேரி பேக்கை நம்பாதீர்கள்.

மழையைவிடப் பையைக் கொல்வது வீட்டுக்குள் இருக்கும் ஈரம்தான். நனைந்த பையை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளினால் பூஞ்சணம் பூக்கும். துணியின் உட்பக்கப் பூச்சு சில வருஷத்தில் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில், தலைகீழாக, எல்லா ஜிப்பையும் திறந்துபோட்டுக் காயவையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம்.

தண்ணீர் எடுத்துப் போவது?

இங்கே சின்ன பிளாஸ்டிக் பாட்டிலோடு போனால் செக்போஸ்ட்டிலேயே பிடிப்பார்கள். எவர்சில்வர் பாட்டில், இல்லையென்றால் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதைப் பக்கப் பையில் ஒரே பக்கம் வைக்காமல் முதுகுப்பக்கம் வையுங்கள்.

ராணுவப் புள்ளி போட்ட பை அழகாக இருக்கிறதே?

வேண்டாம். பச்சையும் பழுப்பும் கலந்த அந்தத் துணியைப் பார்த்ததுமே வனத்துறை வாட்ச்சர் நிறுத்திக் கேள்வி கேட்பார், கேட்பது அவர் வேலை. ஒரே நிற மண் பழுப்போ சாம்பலோ வாங்குங்கள். வரையாடு மிரளாமல் இருக்க அது போதும்.

பை எதுவாக இருந்தாலும் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. மலையேறப் போனவர்கள் இறந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு 2018இல் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024இல் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது, ஆன்லைனில் பதிந்து வழிகாட்டியோடு போகலாம். அந்த ஒருநாள் நடைக்கெல்லாம் இந்தச் சுமைப்பை தேவையே இல்லை, உங்கள் காலேஜ் பை போதும்.

வழியில் காட்டுமாடு நின்றால்?

தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அது போகட்டும். பாரத்தோடு ஓட முடியாது என்பதால், சந்தேகமான இடங்களில் நெஞ்சு நாடாவைக் கழற்றிவிட்டு நடப்பது நல்லது. அப்போது இடுப்புப் பக்கிளைத் தட்டினால் பை விழுந்துவிடும். ஓடையைக் கடக்கும்போது இரண்டையுமே கழற்றிவிடுங்கள்.

என்ன விலை ஆகும்? எந்தக் கம்பெனி?

மிஸ்டரி ராஞ்ச், ஸ்டோன் கிளேசியர், கிஃபாரு, எக்ஸோ மவுண்டன் கியர் ஆகியவைதான் அமெரிக்காவில் பெயர் பெற்றவை. ஃப்ரேமோடு வாங்கினால் பெரும்பாலும் 400 டாலரைத் தாண்டும். அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கம். வாரம் ஒருமுறை 25 கிலோ தூக்குகிறவர் என்றால் கொடுக்கும் காசு தகும். மாதம் ஒருமுறை 15 கிலோ தூக்குகிறவருக்கு வீண் செலவு.

அவருக்கு என் யோசனை: கோவையிலோ மதுரையிலோ டெக்கத்லான் போன்ற கடையில், அலுமினியப் பட்டை வைத்த 50 லிட்டர் டிரெக்கிங் பை. காலையில் பக்க நாடாக்களை இழுத்துச் சப்பையாக்கிவிட்டால் சின்னப் பை, மாலையில் தளர்த்தினால் சிப்பம் நுழையும். லோட் ஷெல்ஃப் இருக்காது, ஈரச் சாக்கை உள்ளேதான் வைக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பக்கிள் உடைந்தால் அதே அகலத்தில் பேக் ரிப்பேர் கடையில் கிடைக்கும். தையல் விட்டால் சாதாரண டெய்லரிடம் போகாதீர்கள், அவர் மெஷினில் ஊசி உடையும். கார் சீட் கவர், தார்ப்பாய் தைக்கிற கடையில் கெட்டி நூலில் தைத்துத் தருவார்கள்.

எங்கள் பக்கம் குதிரை இருக்கிறது. இதெல்லாம் எதற்கு?

மலைவாழைத் தார், காபி மூட்டை என்றால் குதிரைதான், யோசிக்கவே வேண்டாம். ஒற்றைச் சிப்பத்துக்குக் குதிரை வாடகை கட்டாது, அவசரத்துக்குக் குதிரைக்காரர் ஃபோனும் எடுக்கமாட்டார். அப்போதுதான் பை. அப்புறம் ஒன்று, குதிரையில் ஏற்றும்போது இந்தப் பையோடு ஏற்றாதீர்கள். சேணக் கயிறு உரசி இடுப்பு பெல்ட்டின் நுரையைக் கிழித்துவிடும். சாமானைச் சாக்கில் மாற்றிக் கட்டி ஏற்றிவிட்டு, காலிப் பையை நீங்கள் மாட்டிக்கொண்டு வாருங்கள்.